எக்ஸ்பிரஷனிச நாய் ஓவியத்தின் உணர்வுப் பொருளை எழுதுவது எப்படி? முதன்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரையாமல், நிறத்தையும் வடிவத்தையும் மாற்றி உணர்வை வெளிப்படுத்துவது எக்ஸ்பிரஷனிசம். அத்தகைய ஓவியம் ஒன்றில் நாயைக் கண்டவுடன் மனத்தில் ஏதோ அசைகிறது. ஆனால் அந்த அசைவு எதனால் நேர்ந்தது என்று நான்கு பக்கம் எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. நான் இப்படி ஒரு கட்டுரையை எழுதி முடிக்கப் பட்ட பாட்டில் பெரும்பகுதி, எதை முதலில் செய்வது, எந்த ஆவணத்தை எப்போது திறப்பது, பட அனுமதிக்கு எவ்வளவு நாள் ஒதுக்குவது என்று சொல்லித்தர யாரும் இல்லாததால் வந்தது. பாடநெறிக் கட்டுரை, இதழ்க் கட்டுரை, கண்காட்சிக் குறிப்பு என எதற்காக நீங்கள் எழுதினாலும் கீழே உள்ள வரிசை உதவும். ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் ஏறத்தாழ 1911-இல் வரைந்த ‘பனியில் படுத்திருக்கும் நாய்’ என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை எடுத்துக்காட்டாகத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். அது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முழு வேலைக்கும் மூன்று வாரம் ஒதுக்குங்கள். பதிப்புரிமை முடிந்த ஓவியரைத் தேர்ந்தெடுத்தால் செலவு ஏறக்குறைய இல்லை. உரிமை முடியாத ஓவியர் என்றால் மூன்று வாரம் போதாது.

1. ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே உரிமையைப் பாருங்கள்

கட்டுரையை எழுதி முடித்துவிட்டுப் படத்தைத் தேடுவதுதான் புதியவர்கள் அதிகம் சிக்கும் பொறி. ஐரோப்பிய நாடுகளில் ஓவியரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். எழுபதாம் ஆண்டின் டிசம்பர் 31 வரை கணக்கிடப்படும். மார்க் 1916-இலும், எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1938-இலும், எட்வர்ட் மூங்க் 1944-இலும் மறைந்தவர்கள் என்பதால் இம்மூவரின் ஓவியங்களும் அங்கே யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாகிவிட்டன. எமில் நோல்டே 1956-இல் மறைந்தார். அவருடைய உரிமை 2026 முடியும்வரை உண்டு. எக்ஸ்பிரஷனிசத்தின் பிந்தைய வாரிசாகப் பலரும் கருதும் ஃபிரான்சிஸ் பேக்கனின் 1952 நாய் ஓவியங்கள் மீது உங்களுக்கு ஆசை வரலாம். அவர் 1992-இல் மறைந்தவர். 2062 வரை அனுமதி கேட்டுத்தான் ஆகவேண்டும். நாட்டுக்கு நாடு கால அளவு மாறும் என்பதால், உங்கள் எழுத்து வெளியாகும் நாட்டின் சட்டத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று: பொதுமக்கள் காணக்கூடிய இடத்தில் இருக்கும் ஓவியத்தையே முதல் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் 1912-இல் வரைந்த ‘உலகின் முன் நாய்’ மிகவும் ஈர்ப்பான படம். ஒளிமிகுந்த நிலக்காட்சியை நோக்கி ஒரு வெள்ளை நாய் அமர்ந்திருக்கிறது. ஆனால் அது தனியாருக்குச் சொந்தமானது. நேரில் பார்க்க வாய்ப்பு அரிது, கேள்வி கேட்டு எழுத அருங்காட்சியகப் பொறுப்பாளரும் இல்லை.

2. அடிப்படைப் பதிவை எடுத்து வையுங்கள், விளக்கவுரையைத் திறக்காதீர்கள்

ஸ்டேடல் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் உயர்தரப் படங்களைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்திலிருந்து ஜெர்மன் மொழியில் உள்ள தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, உடைமையாளர், பதிவெண், நன்றிக் குறிப்பு ஆகியவற்றைப் பிழையின்றிப் படியெடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏறத்தாழ 1911’ என்று பதிவு சொன்னால் நீங்களும் ‘ஏறத்தாழ’ என்றே எழுதவேண்டும். 

அதே பக்கத்தில் ஓவியத்தைப் பற்றி நல்ல விளக்கவுரையும் இருக்கும். அதை இப்போது படிக்கவேண்டாம். நல்ல விளக்கவுரையைப் படித்தபின் நம் கண் அது சொன்னதை மட்டுமே தேடுகிறது.

3. எதையும் படிக்கும் முன் நெடுநேரம் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேரில் செல்ல முடிந்தால் செல்லுங்கள். ஸ்டேடல் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். ஓவியம் அப்போது சுவரில் இருக்கிறதா, வேறு கண்காட்சிக்கு இரவல் போயிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பயணச்செலவு செய்து வெற்றுச் சுவரைப் பார்த்துத் திரும்புவோர் உண்டு.

நேரில் செல்ல முடியாதவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, ஓவியத்தின் உண்மையான அளவில், அதாவது 62.5 × 105 சென்டிமீட்டரில், ஒரு தாளை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். கைபேசியில் உள்ளங்கை அளவாகத் தெரிந்த நாய், ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமான அகலத்தில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் உடலுக்குப் புரியும். இரண்டாவது, திரையின் இரவுநேர வண்ணமாற்றத்தை அணைத்துவிட்டு, அருங்காட்சியகத்தின் கோப்பை மட்டுமே பாருங்கள். சுவரொட்டிக் கடைகளும் பகிர்வுப் பக்கங்களும் தரும் பிரதிகளில் மஞ்சளும் நீலமும் மனம்போனபடி மாறியிருக்கும். இந்த ஓவியத்தின் உணர்வே அவ்விரு நிறங்களுக்கிடையிலான உறவில்தான் இருக்கிறது என்பதால், தவறான பிரதியை வைத்து எழுதினால் கட்டுரை முழுவதும் சாய்ந்துவிடும்.

பிறகு, முதல் அமர்வில் முக்கால் மணிநேரம், மறுநாள் இன்னொரு முக்கால் மணிநேரம் உட்காருங்கள். உணர்ச்சிச் சொற்கள் எதையும் எழுதக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளுங்கள். ‘அமைதி’, ‘தனிமை’, ‘ஏக்கம்’ எல்லாம் விலக்கு. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். நாயின் புறக்கோடு எங்கே அழுத்தமாக இருக்கிறது, எங்கே பனியோடு கரைகிறது? உடல் வளைவுகளால் ஆனதா, கோணங்களால் ஆனதா? தரைக்கும் உடலுக்கும் ஒரே வகைத் தீற்றலா, வெவ்வேறா? கண் திறந்திருக்கிறதா? தொடுவானம் தெரிகிறதா?

இப்படிப் பார்த்தால் மார்க்கின் ஓவியத்தில் ஒன்று மெல்லத் தெளிவாகும். நாயின் உடல் படத்தின் பெரும்பகுதியை நிரப்புகிறது. அது பட்டையான, எளிய தளங்களாகக் கட்டப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள பனியும் நிழலும் அதே வகைத் தளங்களால் ஆனவை. ரோமத்தை ரோமமாகவும் பனியைப் பனியாகவும் தனித்தனியே தீட்டிக்காட்டும் அக்கறை ஓவியரிடம் இல்லை. விலங்கும் அது படுத்திருக்கும் நிலமும் ஒரே பொருளால் செய்யப்பட்டவை போல இருக்கின்றன. நிறத்தால் மட்டுமே பிரிகின்றன: உடல் மஞ்சள் கலந்த வெண்மை, பனி நீலம் கலந்த வெண்மை. உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு இந்தக் கவனிப்பிலிருந்துதான் வரும்; எந்த நூலிலிருந்தும் அல்ல.

4. நாயை நாயாகப் பாருங்கள்

தலையைத் தரையில் சாய்த்துப் படுத்திருக்கும் நாயைக் கண்டதும் ‘சோகமான நாய்’ என்று எழுதிவிடுவது மிக எளிது. நாய்களோடு வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்: அது ஓய்வின் இயல்பான நிலை. மார்க் வரைந்திருப்பது அவருடைய சொந்த நாயான ருஸ்ஸியை. நாள்தோறும் பார்த்துப் பழகிய உடலின் பாரத்தை அவர் அறிந்திருந்தார் என்பது, அது தரையில் படிந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது.

விலங்கு எப்படி உலகைக் காண்கிறது என்ற கேள்வி மார்க்கின் எழுத்துகளிலேயே இருக்கிறது. குதிரையோ கழுகோ மானோ நாயோ காணும் உலகை விட்டுவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியும் நிலக்காட்சிக்குள் விலங்கைக் கொண்டுபோய் வைப்பது ஏழ்மையான வழக்கம் என்று அவர் கருதினார். ஆகவே, நாயின் முகத்தில் மனிதச் சோகத்தைத் தேடுவது, இந்த ஓவியர் எதை விலக்க முயன்றாரோ அதையே திரும்பக் கொண்டுவருவதாகும். எல்லா ஓவியருக்கும் இது பொருந்தாது. மூங்க் 1938-க்கும் 1943-க்கும் இடையில் வரைந்த ‘சினங்கொண்ட நாய்’ ஓவியத்தில் அண்டை வீட்டு நாயின் மூர்க்கம் நேரடியாகவே பார்ப்பவரை நோக்கி வருகிறது. அங்கே முகத்தை எழுதத்தான் வேண்டும். பேக்கனின் நாய்களுக்கு எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த, நடக்கும் நாயின் தொடர் புகைப்படங்கள் மூலமாக இருந்தன. அறிவியல் நோக்கில் எடுத்த அந்த உருவம் பேக்கனிடம் எப்படி வேட்டையாடப்படும் உடல்போல ஆனது என்பதைத்தான் அங்கே கேட்கவேண்டும்.

5. இப்போது கடிதங்களைத் திறங்கள். நிற அட்டவணையிடம் எச்சரிக்கையாக இருங்கள்

மார்க்கைப் பற்றி எழுதும் எவரும் விழுந்துவிடக்கூடிய மிகப் பெரிய பள்ளம் இது. 1910 டிசம்பர் 12 அன்று நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் மார்க் நிறங்களுக்குப் பொருள் சொல்கிறார்: நீலம் ஆண்மையின் கூறு, கடுமையானது, ஆன்மிகமானது, மஞ்சள் பெண்மையின் கூறு, மென்மையும் மகிழ்ச்சியும் புலனின்பமும் கொண்டது, சிவப்பு பருப்பொருள், முரட்டுத்தனமானது, கனமானது. இது எங்கும் மேற்கோளாகக் கிடைக்கும். கிடைத்தவுடன் ‘நாய் மஞ்சள், ஆகவே மகிழ்ச்சி, பனி நீலம், ஆகவே ஆன்மிகம்’ என்று இரண்டு வரியில் கட்டுரை முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். அந்த இரண்டு வரியில் ஓவியம் இருக்காது.

தொடர்ந்து படியுங்கள். 1911-இன் தொடக்கத்தில் அதே மாக்கேவுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், பனியில் படுத்திருக்கும் ருஸ்ஸியை வரைந்த வேலையைப் பற்றி மார்க் சொல்கிறார். முப்பட்டகத்தின் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடிக் கட்டி) வழியே பார்த்து நிறங்களைச் சோதித்ததையும், நாயின் அழுக்கான மஞ்சளை அவர் தூய்மைப்படுத்தத் தூய்மைப்படுத்த, முப்பட்டகத்தில் உருவங்களின் ஓரங்களில் தெரிந்த வண்ணக் கீற்றுகள் குறைந்து மறைந்ததையும், இறுதியில் நாயின் மஞ்சளுக்கும் பனியின் குளிர்ந்த வெண்மைக்கும் அதிலுள்ள நீலத்துக்கும் இடையே தூய உறவு அமைந்ததையும் விவரிக்கிறார்.

இந்த இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது ஒரு கோட்பாடு. இரண்டாவது ஒரு பட்டறைக் குறிப்பு, அதுவும் உங்கள் ஓவியத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. மஞ்சள் என்ற நிறம் தனியாக எதையும் உணர்த்துவதாக இரண்டாம் கடிதத்தில் அவர் சொல்லவில்லை. நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்வரை அவர் வேலை செய்திருக்கிறார். மூன்றாம் படியில் நீங்கள் எழுதிவைத்த ‘நாயும் நிலமும் ஒரே பொருள், நிறத்தால் மட்டும் பிரிவு’ என்ற கவனிப்பு இங்கே ஆதாரம் பெறுகிறது. இந்த ஓவியத்தின் அமைதி, தூங்கும் நாய் என்ற காட்சிப்பொருளால் மட்டும் வரவில்லை. உயிருக்கும் நிலத்துக்கும் இடையே உரசல் எதுவும் மிஞ்சாதபடி நிறம் சரிசெய்யப்பட்டதால் வருகிறது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஓவியத்துக்குத் திரும்பும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நீங்களும் அடையவேண்டும் என்பதற்காகவே இந்த வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கடிதங்களைப் பெறுவதற்கு: மார்க், மாக்கே இருவரின் கடிதத் தொகுப்பு ஜெர்மன் மொழியில் 1964-இல் வெளியானது. பல்கலைக்கழக நூலகங்கள் நூலகங்களுக்கிடையிலான இரவல் முறையில் தருவித்துத் தரும். இரண்டு வாரம் ஆகலாம் என்பதால் முதல் நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அன்னெகிரெட் ஹோபெர்க், இசபெல் யான்சன் இருவரும் தொகுத்த மார்க்கின் முழுப் படைப்புப் பட்டியலில் எண்ணெய் ஓவியங்களுக்கான தொகுதி 2004-இல் வந்தது. விலை மிகுந்த நூல் அது. வாங்கவேண்டாம், உங்களுக்குத் தேவையான பதிவு சில பக்கங்களே. ஜெர்மன் தெரியாதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பில் பொருளை அறிந்துகொள்ளலாம். மேற்கோளாகத் தருவதாக இருந்தால் மட்டும் மொழி அறிந்த ஒருவரிடம் அந்த வரிகளைக் காட்டிச் சரிபாருங்கள்.

6. ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டுங்கள்

மார்க் 1916 மார்ச் 4 அன்று வெர்டன் அருகே போரில் இறந்தார். அவர் சேர்ந்து தொடங்கிய ‘நீலக் குதிரைவீரன்’ ஓவியர் குழுவின் முதல் கண்காட்சி 1911 டிசம்பரில் நடந்தது. ‘பனியில் படுத்திருக்கும் நாய்’ 1937-இல் நாஜி ஆட்சியால் ‘சீரழிந்த கலை’ என்று பறிமுதல் செய்யப்பட்டது. 1961-இல்தான் மீண்டும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்தது. இவையெல்லாம் உருக்கமான செய்திகள். ஆனால் ஓவியம் வரையப்பட்ட நாளில் இவற்றில் எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை. பனியில் போரின் சாவைக் காண்பதும், தூங்கும் நாயில் பறிமுதலின் துயரத்தைக் காண்பதும் காலக் குழப்பம். வேண்டுமானால் ‘இன்று பார்ப்பவருக்கு’ என்று தொடங்கும் தனிப் பத்தியில், அது உங்கள் காலத்தின் உணர்வு என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுதுங்கள்.

7. ஓவியத்தின் உடல்நிலையை விசாரியுங்கள்

எக்ஸ்பிரஷனிச நாய்களைப் பற்றி எழுதுவோர் பலரும் முன்னோடியாக ஃபிரான்சிஸ்கோ கோயாவின் நாயைக் குறிப்பிடுவார்கள். மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் ஒரு சரிவின் விளிம்புக்கு மேல் நாயின் தலை மட்டும் தெரிகிறது. மேலே மஞ்சள் கலந்த பெருவெளி. கைவிடப்பட்ட நிலைக்கு இதைவிடப் பெரிய படிமம் இல்லை என்று எழுதத் தோன்றும். எழுதும் முன் சில செய்திகளைக் கருதுங்கள். கோயா 1819-க்கும் 1823-க்கும் இடையில் தன் வீட்டுச் சுவரில் வரைந்த படம் இது. 1870-களில் சுவரிலிருந்து பெயர்த்து கேன்வாஸுக்கு மாற்றியபோது சேதமடைந்தது. அந்த மாற்றத்துக்கு முன் ஜான் லோரான் எடுத்த புகைப்படம் இருக்கிறது. அதையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டு, மேலே உள்ள வெளியில் முன்பு வேறு உருவங்கள் இருந்தனவா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். தலைப்பும் கோயா வைத்ததன்று. ஆகவே, வெறுமையை மட்டும் நம்பி ஒரு முழு வாதத்தைக் கட்டுவது ஆபத்தானது.

உங்கள் ஓவியத்துக்கும் இதே கேள்வியை அனுப்புங்கள். அருங்காட்சியகத்தின் ஓவியப் பராமரிப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலில், பதிவெண்ணைக் குறிப்பிட்டு, ‘வண்ணப்பூச்சில் மங்கலோ பிற்காலத் திருத்தமோ இருக்கிறதா’ என்று ஒரே ஒரு தெளிவான கேள்வி கேளுங்கள். ‘ஓவியத்தைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்’ என்று எழுதும் கடிதங்களுக்குப் பதில் வருவது அரிது. பதிலுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகலாம் என்று கணக்கில் வையுங்கள். இதற்குக் கட்டணம் கேட்பது வழக்கமில்லை.

8. எழுதும் ஒழுங்கு

ஒவ்வொரு உணர்ச்சிச் சொல்லுக்கும் அருகே, அதைத் தாங்கும் கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று இருக்கவேண்டும். ‘இந்த ஓவியம் ஆறுதல் தருகிறது’ என்று எழுதினால், அதே வாக்கியத்திலோ அடுத்ததிலோ எந்தக் கோடு, எந்த நிறம், எந்த அளவு அதைத் தருகிறது என்பது வந்தாகவேண்டும்; வராவிட்டால் சொல்லை அடித்துவிடுங்கள். மூன்று வகைக் கூற்றுகளையும் கலக்காதீர்கள்: ஓவியர் சொன்னது, படத்தில் தெரிவது, நீங்கள் உணர்ந்தது. மூன்றுக்கும் மூன்று நிறத்தில் அடிக்கோடிட்டுப் பார்த்தால், எந்தப் பத்தியில் உங்கள் உணர்வை ஓவியரின் வாயில் வைத்துவிட்டீர்கள் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். உங்கள் உணர்வை மறைக்கவேண்டியதில்லை. அது உங்களுடையது என்று சொன்னால் போதும்.

9. படத்தை வெளியிடும் உரிமம், செலவு, நாள்

ஸ்டேடல் இணையப் பக்கத்திலிருந்து இறக்கும் படங்கள் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற பொதுப் பயன்பாட்டு உரிம வகைகளில் ஒன்றான ‘பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0’ உரிமத்தில் தரப்படுகின்றன. கட்டணம் இல்லை, ஆனால் அருங்காட்சியகத்தின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் படத்தின் கீழே அச்சிடவேண்டும். படத்தை மாற்றியமைத்து வெளியிட்டால் அந்த மாற்று வடிவத்தையும் அதே உரிமத்தில் தரவேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. இதழாசிரியருக்கு இதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

பேக்கன் போன்று உரிமை முடியாத ஓவியர் என்றால், பிரிட்டனில் டாக்ஸ் என்ற உரிமை அமைப்பின் வழியே விண்ணப்பிக்கவேண்டும். அச்சுப் பிரதிகளின் எண்ணிக்கை, பக்கத்தில் படத்தின் அளவு, அட்டையா உட்பக்கமா, இணையத்தில் எவ்வளவு காலம் இருக்கும் என்ற விவரங்கள் இல்லாமல் விலை சொல்லமாட்டார்கள். இவற்றை இதழிடமிருந்து முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். படைப்பின் உரிமைக்கும் படக் கோப்புக்கும் தனித்தனியே பணம் கட்டவேண்டி வரலாம். இதற்கு மட்டும் குறைந்தது ஆறு வாரம் ஒதுக்கி, அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபின் கட்டுரையை அனுப்புங்கள். அனுமதி கிடைக்காத நிலை வந்தால், படத்தின் பதிவெண்ணையும் அருங்காட்சியகத்தின் பெயரையும் கொடுத்து, படமின்றியே வெளியிடலாம். மூன்றாம் படியில் எழுதிய விவரிப்பு முழுமையாக இருந்தால், வாசகர் அதைக்கொண்டே ஓவியத்தைத் தேடிக் கண்டுகொள்வார்.